பழைய துணி சீக்கிரம் நையும் என்பது சரியல்ல

"பிறர் உடுத்திய துணியைக் காசில்லாதவர்தான் வாங்குவார், அதுவும் நாலு துவைப்பில் நைந்துவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விலை ஒரு காரணம், மறுக்கவில்லை. இரண்டாம் பாதிதான் கிட்டத்தட்ட தலைகீழ்.

பருத்தி சுருங்குவதும் சாயம் விடுவதும் பெரும்பாலும் முதல் சில துவைப்புகளில்தான். பழைய துணியில் அது முடிந்த கதை. இன்று பொருந்தினால் அடுத்த மாதமும் பொருந்தும். மட்டமான தையலாக இருந்தால் அதுவும் இதற்குள் பிரிந்து கண்ணில் படும். புதுத் துணியில் இதெல்லாம் வாங்கிய பிறகுதான் தெரியவரும். விவரம் தெரிந்தவர்கள் கனமான டெனிமையும் கம்பளிக் கோட்டையும் பழையதாகத் தேடுவது இதனால்தான்.

உண்மையில் ஏமாற்றுவது எலாஸ்டேன் (இழுத்தால் நீளும் செயற்கை இழை) கலந்த துணி. இடுப்புப் பட்டியை இழுத்துவிடுங்கள். சட்டென்று திரும்பாமல் அலை அலையாக நின்றால் உள்ளிழை செத்துவிட்டது, சரிசெய்ய வழியில்லை. பேன்ட்டின் தொடை இடுக்கையும் சட்டையின் அக்குளையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், தேய்ந்த இடம் சல்லடையாகத் தெரியும். அளவுச் சீட்டை நம்பாமல் டேப் வைத்து அளந்து பாருங்கள்.

மூட்டைப்பூச்சி பயம் மட்டும் நியாயமானது. தாங்கும் துணியை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். கம்பளியை அப்படிச் செய்தால் சுருங்கித் தடித்துவிடும். அதற்குப் பதில் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் 4 நாள் வையுங்கள்.