கூரை இல்லாத பள்ளி

சீனாவின் சியாமெனில் படிக்கும்போது பெருநாளன்று லீவு கிடைக்காத கடுப்பில், அடுத்து வந்த சனிக்கிழமை ரயிலேறி சுவான்சௌ போனேன். அரை மணி நேரம்தான். அங்கே கடைத்தெரு ஓரத்திலேயே நிற்கிறது சிங்ஜிங் பள்ளிவாசல். கூர்முனை வளைவு வைத்த உயரமான கல் வாசல், சீனக் கட்டடக்கலையின் சாயலே இல்லை. உள்ளே தொழுகைக் கூடத்துக்குக் கூரை கிடையாது. 1607 நிலநடுக்கத்தில் விழுந்ததுதான், இன்று வரை போடவில்லை. தூண்களின் அடிக்கற்கள், சுவரில் செதுக்கிய குர்ஆன் வசனங்கள், மேலே வானம். தொழுவதெல்லாம் பக்கத்துக் கட்டடத்தில்.

வாசலில் உள்ள அரபிக் கல்வெட்டு ஹிஜ்ரி 400இல் கட்டியது என்கிறது, அதாவது 1009. அடுத்த வருடம்தான் தஞ்சைப் பெரிய கோயிலே கட்டி முடிந்தது. முந்நூறு வருடம் கழித்து ஈரானின் ஷீராஸ்காரர் ஒருவர் இந்தப் பள்ளியைப் புதுப்பித்திருக்கிறார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இதே ஊரில் 1281ஆம் வருடத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் கிடைத்திருக்கிறது. இங்கே சிவன் கோயில் எழுப்பிய தமிழர்கள், சீனாவை ஆண்ட மங்கோலியக் கானின் நலனுக்காக வெட்டியது. நம் ஆட்கள் அதன் படத்தைப் போட்டு "சீனா வரை ஆண்ட தமிழன்" என்று எழுதுகிறார்கள். ஐயா, யாரும் அங்கே ஆளப் போகவில்லை! மிளகும் துணியும் விற்கப் போனார்கள், உள்ளூர் ராஜாவுக்கு நல்லது நேரட்டும் என்று கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் பிழைப்பைப் பார்த்தார்கள், ஷீராஸ்காரரைப் போலவே. எனக்கு என்னவோ அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. படை எடுத்துப் போனவன் திரும்பி வந்துவிடுவான், கோயிலும் பள்ளியும் கட்டுகிறவன் பக்கத்து வீட்டுக்காரனோடு தினமும் பேசியாக வேண்டும், அவன் பாஷையையும் கற்றுக்கொள்ள வேண்டும். (நான் இரண்டு வருடம் கற்றும் டாக்சிக்காரருக்கு என் சீனம் புரியவில்லை, அது வேறு கதை.)

எங்கள் ஊர் காயல்பட்டினம். மார்க்கோ போலோ சுவான்சௌ துறைமுகத்தையும் எழுதியிருக்கிறார், தாமிரபரணி முகத்திலிருந்த காயலையும் எழுதியிருக்கிறார். இரண்டு இடத்திலும் அவர் பார்த்தது வந்து நிற்கும் கப்பல்களைத்தான்.

அங்கிருந்தே வாப்பாவுக்கு வீடியோ கால் போட்டு, போனை மெதுவாகத் திருப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார்கள். அப்புறம், "கல்லெல்லாம் நம்ம பள்ளி மாதிரியேதான் இருக்கு. மழை வந்தா எங்க ஒதுங்குவாங்க?" என்று கேட்டார்கள்.