மஞ்சள் பால் ஆய்வு: ஒரு சிறு திருத்தம்

அண்ணாச்சி, ஆலப்புழை மஞ்சளைப் பாலில் கலந்து குடித்தால் மூட்டு வீக்கத்துக்கு மாத்திரையே வேண்டாம், ஆய்வில் நிரூபணமாகிவிட்டது என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். ஆய்வு இருப்பது உண்மைதான். வீக்கத்தைத் தூண்டும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தை, மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் அடக்குகிறது என்று 1995-ல் வந்தது. ஆனால் அது ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் பார்த்தது, மூட்டுவலிக்காரர்களிடம் அல்ல. அங்கே குர்குமினைச் செல்மேல் நேரடியாகவே சேர்க்கிறார்கள். நாம் குடிப்பதில் ரத்தத்துக்குப் போய்ச் சேருவது மிகச் சொற்பம். புளியரை தாண்டிக் கேரளாவுக்குப் போய் வாங்கும் அந்த ஆலப்புழை மஞ்சளில் குர்குமின் கூடுதல்தான், மறுக்கவில்லை. அதுவும் 100 கிராமுக்கு 5, 6 கிராம்தான்.

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளம் இலவசம். குர்குமின் என்று ஆங்கிலத்தில் தேடி, சுருக்கத்தைத் திறந்து, சோதித்தது செல்களிலா, எலியிலா, நோயாளிகளிடமா என்று மட்டும் பாருங்கள். இடப்பக்கம் 'கிளினிக்கல் டிரயல்' என்பதைத் தட்டினால் மனிதர்களிடம் நடந்தவை தனியாக வரும். மாத்திரையை நிறுத்துவதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.