திங்கட்கிழமை மட்டும் வரும் வயிற்றுவலி

என் அக்கா மகனுக்கு ஏழு வயது. போன வருடம் ஆடி மாதத்தில் ஆரம்பித்தது, காலை ஏழரை மணி ஆனால் அவனுக்கு வயிறு வலிக்கும். திங்கட்கிழமை ரொம்ப, வெள்ளிக்கிழமை கொஞ்சம், சனி ஞாயிறு சுத்தமாகக் கிடையாது. இதை வீட்டில் எல்லாரும் கவனித்தோம், "பய நடிக்கிறான்" என்று சிரிக்கவும் செய்தோம். ஆனால் யூனிஃபார்ம் சட்டையைப் போட்டுவிடும்போது அவன் உள்ளங்கை இரண்டும் ஈரமாக இருக்கும். நடிக்கிறவனுக்குக் கை வியர்க்குமா என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

முதலில் ஓமத்தண்ணீர். அப்புறம் சூடு என்று சொல்லி தொப்புளில் விளக்கெண்ணெய். பக்கத்து ஊரில் தொக்கம், அதாவது வயிற்றில் சிக்கிய உணவை, எடுக்கிற ஒரு பாட்டியிடம் நானே பைக்கில் வைத்துக் கூட்டிப்போனேன், தாய்மாமன் கடமை! பயந்த கோளாறாக இருக்கும் என்று தர்காவில் ஓதி ஒரு கயிறு கட்டினோம். கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, "வயித்துல நெறி கட்டியிருக்கு" என்று சிரப் எழுதிக் கொடுத்தார்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்கேன் எடுத்தால் நன்றாக இருக்கிற பிள்ளைக்கும் நெறி தெரியலாம் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். மொத்தத்தில் பதினோராயிரம் ரூபாய்க்கு மேல் போனது, வலி போகவில்லை.

ஒருத்தரும் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது: அந்த வீட்டில் ஆடி மாதத்துக்கு முன்னால் என்ன நடந்தது? அத்தான் துபாய்க்கு வேலைக்குப் போனது ஆனி கடைசியில்.

நண்பர் ஒருவர் 14416-க்கு அடித்துப் பார் என்றார். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் தொடங்கிய மனநல உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. பொறுமையாகக் கேட்டார்கள், பையனை நேரில் பார்த்தால்தான் நல்லது என்று அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். போனோம். வாசலில் 'மனநோய்ப் பிரிவு' என்று பலகை. அக்கா முந்தானையை இழுத்து மூடினாள், தன் முகத்தை அல்ல, பையன் முகத்தை.

உள்ளே இருந்த உளவியலாளர் பையனின் வயிற்றைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. உடைந்த கிரையான் டப்பா ஒன்றை அவன் பக்கம் தள்ளிவிட்டு, அவன் பாட்டுக்குக் கிறுக்கிக்கொண்டிருக்கையில், "நீ ஸ்கூல்ல இருக்கும்போது அம்மா வீட்ல என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார். அவன் தலையை நிமிர்த்தாமலே "அழுவாங்க" என்றான்.

ராத்திரி அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்துத்தான் இவள் அழுதிருக்கிறாள். அவன் தூங்கவே இல்லை.

அடுத்து அவர் அக்கா பக்கம் திரும்பி, "நீங்க ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குறீங்க?" என்று கேட்டார். முக்கால் மணி நேரத்தில் அரை மணி நேரம் அக்காவிடம்தான் பேசினார், நான் பையனுக்கு மாத்திரை எழுதுவார்கள் என்று காத்திருந்தேன், ஒரு மாத்திரையும் எழுதவில்லை. முதல் வாரம் அக்கா பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் அவன் கண்ணில் படும்படி முதல் பெல் வரை உட்கார வேண்டும், அடுத்த வாரம் கேட் வரை மட்டும், மதியம் டீச்சர் போனில் ஒரு நிமிடம் அம்மாவோடு பேசலாம், அத்தான் ராத்திரி அழைப்பதை விட்டுவிட்டுக் காலையில் அவன் கிளம்பும் முன் வீடியோவில் வர வேண்டும். அக்கா தூங்குவதற்கும் தனியாகச் சில வழிகள் சொன்னார். வலி நிற்க இரண்டரை மாதம் ஆனது. அந்த இரண்டரை மாதத்தில் குணமானது இரண்டு பேர் என்பேன்.

இதனால்தான் 'குழந்தைகள் மனநலம்' என்று தனியாக எழுதும்போது எனக்கு உறுத்துகிறது. ஏழு வயதுப் பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரித்து உட்கார வைத்து என்ன வைத்தியம் பார்க்க முடியும்?

சரி, அரசாங்கத்தில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. 2013-லிருந்து நடக்கும் தேசிய சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிப் பிள்ளைகளை வருடத்துக்கு இரண்டு முறை, பள்ளிப் பிள்ளைகளை ஒரு முறை மருத்துவக் குழு வந்து பார்க்க வேண்டும். முப்பதுக்கும் மேற்பட்ட வகைக் குறைபாடுகளைத் தேடுகிறார்கள். ஆட்டிசம் அதில் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு. பயம் இல்லை, துக்கம் இல்லை. வளரிளம் பருவத்தினருக்கு 2014-ல் வந்த திட்டத்தில் மனநலம் இருக்கிறது, ஆனால் அது பத்து வயதிலிருந்துதான் ஆரம்பம். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை என்றது, 13-க்குக் கீழே எண்ணவே இல்லை. எங்கள் பையன் வயது எல்லாத் திட்டத்துக்கும் இடையில் உள்ள சந்தில் விழுகிறது. மனநலப் பிரச்சினைகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள் தொடங்கிவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, நாம் தாமதமாக வந்து கதவைத் தட்டுகிறோம்.

இலவசம் என்பதையும் கொஞ்சம் பார்ப்போம். அக்கா தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அந்தப் பிரிவு காலையில் மட்டும், அதுவும் வேலை நாளில் மட்டும். இரண்டு பஸ், அரை நாள் கூலி, பையனுக்கு ஒரு நாள் லீவு. பள்ளிக்குப் போக வைப்பதற்காகப் பள்ளிக்கு லீவு போட வேண்டும்! 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-வது பிரிவு, குழந்தைகளைச் சிகிச்சைக்காக வெகுதூரம் அலைய விடக்கூடாது, வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும் என்கிறது. புதன்கிழமை தடுப்பூசி போடுகிற இடத்துக்கு எந்த அம்மாவும் முந்தானை போட்டு மூடிக்கொண்டு வருவதில்லை. அங்கே ஒரு மேசை, ஒரு உளவியலாளர், சனிக்கிழமை மாலையிலும் இரண்டு மணி நேரம் இருந்தால் போதும். பலகையில் எந்த நோயின் பெயரும் வேண்டாம்.

"அந்தக் காலத்துல எங்களுக்கெல்லாம் யார் கவுன்சிலிங் குடுத்தா" என்று கமென்ட் போட வருகிறவர்களுக்கு: என் வகுப்பில் ஒருத்தனுக்கு 'வயித்துவலி' என்றே பட்டப்பெயர். மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டான். அவனுக்கும் யாரும் கொடுக்கவில்லை.

போன மாதம் வழக்கமான சந்திப்புக்குப் போனோம். அறை பூட்டியிருந்தது. அவர் ஒப்பந்தப் பணியில் இருந்தவராம், காலம் முடிந்து போய்விட்டார், அடுத்த ஆள் எப்போது என்று தெரியாதாம். அக்கா அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பையன்தான் கடுப்பாகிவிட்டான்: "இதுக்கு ஸ்கூலுக்கே போயிருக்கலாம்ல மாமா?"