ஜோதிக்குள் ஒரு எண்ணெய்க்காரர்

ஒலிம்பிக் ஜோதி என்றாலே எல்லோரும் வடிவத்தைத்தான் பேசுகிறார்கள். ஏதென்ஸில் ஆலிவ் இலை, பெய்ஜிங்கில் சுருட்டிய காகிதச் சுருள், டோக்கியோவில் செர்ரிப் பூ. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆடி மாதம் ஆரல்வாய்மொழி வழியாக பைக் ஓட்டிப் பழகியவனுக்கு முதலில் வரும் கேள்வி வேறு: இது காற்றில் நிற்குமா?

நம்மூர்க் கோயில் தீவட்டியைப் பாருங்கள். மண்டைக்காடு கொடைக்கு ஒன்பதாம் நாள் பெரிய சக்கர தீவட்டி வருமே, அந்த ஊரில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரும்பு முனையில் துணி சுற்றியிருக்கும். தீவட்டி பிடிப்பவர் பக்கத்திலேயே எண்ணெய்க்காரர் நடப்பார். துணி கருகத் தொடங்கும் முன்பே ஊற்றிவிடுவார். தீவட்டி என்பது அந்த இரண்டு பேரும் சேர்ந்ததுதான். ஒலிம்பிக்கில் ஓடுகிறவர் தனியாள். அதனால் எண்ணெய்க்காரரையும் கைப்பிடிக்குள்ளேயே அடைத்தாக வேண்டும். 1936 முதல் நடக்கும் வடிவமைப்பு வேலையெல்லாம் எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

1936 என்றால் பெர்லின். இந்த ஜோதித் தொடரோட்டம் பழைய கிரேக்க வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள்; இல்லை, நாஜி ஜெர்மனியில் தொடங்கியது. குருப் ஆலையின் எஃகுக் கைப்பிடி, உச்சியில் மெக்னீசியம். மெக்னீசியம் லேசில் அணையாது, பளீரென்று எரியும். ஆனால் பொறி தெறிக்கும். 1956-இல் மெல்போர்ன் மைதானத்துக்குள் ஜோதியைக் கொண்டுவந்த ரான் கிளார்க்கின் கையையே அது சுட்டுவிட்டது. படத்தில் பார்த்தால் பிரமாதம்தான்!

1972 மியூனிக்கில் காஸ் வந்தது. இடையில் மாண்ட்ரியலில் ஆலிவ் எண்ணெய்க்குப் போனார்கள், ஆனால் கடைசியில் நின்றது காஸ்தான். அந்த 1976 மாண்ட்ரியலில் இன்னொரு கூத்து. மழையில் மைதானத்துச் சுடர் அணைந்துபோக, ஒருவர் சிகரெட் லைட்டரால் பற்றவைத்துவிட்டார். அப்புறம் அதை அணைத்து, கிரீஸின் ஒலிம்பியாவில் ஏற்றிக் கொண்டுவந்த சுடரிலிருந்து மறுபடி ஏற்றினார்கள். 2013-இல் மாஸ்கோ கிரெம்ளினில் சோச்சி குளிர்கால ஒலிம்பிக் ஜோதி அணைந்தபோதும் கைகொடுத்தது ஒரு பாதுகாவலரின் லைட்டர்தான்.

மணிக்கு 65 கிலோமீட்டர் காற்றையும் மணிக்கு 50 மில்லிமீட்டர் மழையையும் தாங்கும் என்று சொல்லித்தான் பெய்ஜிங் ஜோதியைச் செய்தார்கள். லண்டன் ஜோதியை மியூனிக்கில் பி.எம்.டபிள்யூ. சோதனைக்கூடத்தில் காற்றடித்துப் பார்த்தார்கள். அப்படியும் ஓட்டம் தொடங்கிய மூன்றாம் நாளே டெவனில் ஒரு முறை அணைந்தது. ஆனாலும் லண்டன் ஜோதி எனக்குப் பிடிக்கும். 8,000 பேர் ஓடுவார்கள் என்று தகட்டில் 8,000 துளை. கேட்டால் விளம்பர வசனம் மாதிரி இருக்கும். ஆனால் அதே துளைகள்தான் எடையைக் குறைக்கின்றன, சூட்டை வெளியே விடுகின்றன, உள்ளே பர்னரையும் காட்டுகின்றன. கதை சொல்வதற்கென்று தனியாக எதையும் ஒட்டவில்லை.

நம் பள்ளி விளையாட்டு விழாக்களுக்கும் இதைச் சொல்லலாம். முன்பு பி.டி. சார் தகரத்தைக் கூம்பாக வளைத்து, காட்டன் வேஸ்ட் திணித்து, மண்ணெண்ணெய் ஊற்றித் தருவார். வாடை அடிக்கும், கை கரியாகும். இப்போது சில இடங்களில் எல்.இ.டி. பல்புக்கு மேல் ஆரஞ்சுத் துணி படபடக்கிறது. குழந்தைகளின் பாதுகாப்புக்கு என்கிறார்கள். சரி, அப்படியென்றால் கொடியைக் கொடுத்து ஓடவிடலாமே? (2022-இல் உட்கார்ந்து ஆடும் செஸ்ஸுக்கே ஜோதி ஓட்டம் வைத்து, 75 ஊர் சுற்றி, கன்னியாகுமரிக்கும் கொண்டுவந்தார்கள். ஜோதி மோகம் நமக்கும் குறைவில்லை.)

சமீபத்திய மாற்றம் எண்ணிக்கையில்தான். ஆளுக்கொரு ஜோதி கொடுத்த காலத்தில், லண்டன் ஜோதிகள் ஓட்டம் முடிவதற்குள்ளேயே இணையத்தில் ஏலத்துக்கு வந்தன. பாரிஸில் ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டுக்கும் சேர்த்து 2,000 மட்டுமே செய்தார்கள். 2026 மிலான் கோர்த்தினா குளிர்கால ஒலிம்பிக் ஜோதியை அதன் வடிவமைப்பாளர் கார்லோ ராத்தி இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்: காஸ் நிரப்பிப் பத்து முறை வரை திரும்ப எரிக்கலாம், பக்கவாட்டுத் திறப்பு வழியாக பர்னர் வெளியே தெரியும். பார்க்க வெறும் குழாய் மாதிரி இருக்கிறது என்று பலருக்குக் குறை. எனக்கு 1936-லிருந்து வந்ததில் அதுதான் முதலிடம், லண்டன் அடுத்தது. செர்ரிப் பூக்காரர்கள் கமெண்டில் சண்டைக்கு வரலாம்.