மடக்க வேண்டிய இறக்கையை நீட்டி வைத்தே விற்கிறார்கள்

கடற்படை ஹெலிகாப்டருக்கு ஸ்கேல் மாடல் கிட் (துண்டு துண்டாக வாங்கி ஒட்டிக் கட்டுகிற சின்ன மாதிரி) போடுகிற கம்பெனிக்காரர்களே, கப்பலில் ஒரு ஹெலிகாப்டர் எந்தக் கோலத்தில் கிடக்கும் என்று நீங்கள் ஒரு தடவையாவது எட்டிப் பார்த்ததுண்டா? பறக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இறக்கையை மடக்கி, சில சமயம் வாலையும் மடக்கி, தளத்தோடு சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள். அதுதான் அதன் அன்றாடம். ஆனால் பெட்டியைத் திறந்தால் ஐந்து இறக்கையும் சீலிங் ஃபேன் மாதிரி விறைப்பாக நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரிதான் வார்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் புலம்புவது சீ கிங் என்ற கடற்படை ஹெலிகாப்டர் பற்றி. 1/48 அளவு, அதாவது நிஜத்தில் 48இல் ஒரு பங்கு. அப்பாச்சி போர் ஹெலிகாப்டரைக் கட்டுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. தரையில் இறக்கையை நீட்டியபடி நிற்பதுதான் அதற்கு இயல்பு, ஒட்டினோமா பெயின்ட் அடித்தோமா என்று போய்விடலாம். சீ கிங் அப்படியா? அதன் ரோட்டர், அதாவது மேலே சுற்றுகிற இறக்கை வட்டம், 18.9 மீட்டர் விட்டம். நம் கடற்படையில் 2015 வரை இருந்த ஐ.என்.எஸ். கோதாவரி இரண்டு சீ கிங்கைச் சுமக்கிற மாதிரி கட்டப்பட்ட கப்பல். அந்தக் கப்பலின் அகலமே 14.5 மீட்டர்தான். கப்பலைவிட ரோட்டர் அகலம்! மடக்காமல் அதை எந்த ஹேங்கருக்குள் (கப்பலில் ஹெலிகாப்டரை நிறுத்துகிற கூடம்) நுழைப்பீர்கள்? இறக்கைகளை மடக்கினால் 17.4 மீட்டர் நீளத்துக்குள் அடங்கும், வாலையும் மடக்கினால் 14.4. இந்த ஹெலிகாப்டர் கடலில் பிழைப்பு நடத்துவதே அந்த மடிப்பை நம்பித்தான். அந்த மடிப்பை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பெட்டியில் போட்டிருக்கிறார்கள்.

இல்லை, 'விட்டுவிட்டார்கள்' என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். குறிப்புத் தாளின் கடைசிப் பக்கத்தில், ஒரு மூலையில், கட்டைவிரல் நகம் அளவு ஒரு படம் இருக்கிறது. இறக்கையின் அடியில் ஒரு புள்ளிக்கோடு, பக்கத்தில் கத்தரிக்கோல் சின்னம். வெட்டிக்கொள், ஒட்டிக்கொள், அவ்வளவுதான். எந்தக் கோணத்தில் என்று ஒரு வார்த்தை இல்லை.

கோணத்தில்தானே எல்லாமே இருக்கிறது! ஐந்து இறக்கை, இரண்டுக்கு நடுவே 72 டிகிரி. மடக்கும்போது ஒரு இறக்கை வாலுக்கு நேர் மேலே அப்படியே நிற்கும், அதற்கு மடிப்பே இல்லை. அதன் இரண்டு பக்கமும் இருப்பவை ஏறக்குறைய 72 டிகிரி திரும்பிப் பின்னால் வர வேண்டும். முன்னால் இருக்கும் இரண்டும் 144 டிகிரி பக்கம் திரும்ப வேண்டும். ஆக ஒரே மாதிரி ஐந்து வெட்டு வெட்டினால் வேலைக்கு ஆகாது. அதோடு, முன் ஜோடியின் கீல் ரோட்டர் தலையின் முன்பக்கம் இருப்பதால் அவற்றின் நுனி வால் பக்கம் அவ்வளவு தூரம் எட்டாது. நுனியெல்லாம் ஒரே கோட்டில் நின்றால் எங்கேயோ தப்பு என்று அர்த்தம். பல பேர் கட்டிய மாடல்களில் நுனிகள் வரிசை பிடித்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை அரிக்கும்.

இன்னொன்று இருக்கிறது, யாரும் கவனிக்காதது. சீ கிங்கின் ரோட்டர் மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். அப்படிச் சுற்றுகிற இறக்கை பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால், காற்றைக் கிழிக்கிற அந்தத் தடித்த முன்விளிம்பு வலது பக்கம்தான் இருக்கும். மடக்கிய பிறகும் அப்படியே, ஐந்துக்கும் வலது பக்கம். இடது பக்கம் மடங்கிய இரண்டின் முன்விளிம்பு உடலைப் பார்க்கும், வலது பக்கத்து இரண்டின் முன்விளிம்பு வெளியே பார்க்கும். 'இரண்டு பக்கமும் கண்ணாடி பிம்பமாக இருந்தால்தானே அழகு' என்று ஒரு பக்கத்தைத் திருப்பி ஒட்டிவிடுகிறவர்கள் எத்தனை பேர்! அந்தக் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு அம்புக்குறி போட்டிருந்தால் போதுமே. அதற்கும் மை செலவா?

சரி, வெட்டலாம் என்று உட்கார்ந்தால் அடுத்த கூத்து. இந்த அளவில் ஒரு இறக்கை முக்கால் சாண் நீளம், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான அகலம், தடிமன் ஒரு மில்லிமீட்டர் பக்கம். ரம்பம் போனால் தூளாகப் போகிறதே, அதுவே கீலில் பாதி. வெட்டிய முகத்தில் பசை பிடிக்க இடமே கிடையாது. அதனால் இரண்டு பக்கமும் துளை போட்டு, தலைமுடி மாதிரி பித்தளைக் கம்பியைச் செருகி, அதைச் சரியான கோணத்துக்கு வளைத்து, சூப்பர் குளூ வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு பிடித்திருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தடிமனில் துளை போடுவது என்ன விளையாட்டா? டிரில் முனை கொஞ்சம் சாய்ந்தாலும் பக்கவாட்டில் வெளியே எட்டிப் பார்க்கும். அட்டையில் கோணம் வரைந்து வெட்டி அதன்மேல் வைத்து ஒட்டினால் ஓரளவு நிற்கிறது. இந்த அட்டையையாவது குறிப்புத் தாளில் அச்சடித்துத் தந்திருக்கலாம் இல்லையா, வெட்டி எடுத்துக்கொள்கிற மாதிரி?

அப்புறம் அந்தக் கீல். இறக்கை நீட்டியிருக்கும்போது அது மூடியிருக்கும், கண்ணுக்குப் படாது. மடக்கிவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும்: கவட்டை மாதிரி பிரிந்த உலோகம், பூட்டுகிற ஊசி, ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தில் இயங்குகிற) குழாய். நிஜத்தில் விமானி உட்கார்ந்த இடத்திலிருந்தே சுவிட்சைப் போட்டு ஹைட்ராலிக் விசையால் மடக்குகிற அமைப்பு அது. கிட்டில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? நான் ரம்பத்தால் அறுத்த மொட்டைப் பிளாஸ்டிக். வெள்ளையாக.

இந்த மடிப்புக்கென்றே வேறு கம்பெனி ரெசின் என்கிற வார்ப்புப் பிசினில் தனி செட் போட்டு விற்கும். அழகாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. விலையைப் பார்த்தால் கிட்டின் விலைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவு, சுங்க வரி எல்லாம் சேர்ந்து கிட்டையே தாண்டிவிடும். ஆக ஒரு ஹெலிகாப்டருக்கு இரண்டு தடவை காசு. முழு ஹெலிகாப்டருக்கு ஒரு தடவை, அது ஹேங்கருக்குள் நுழைவதற்கு ஒரு தடவை.

'நீட்டியே வைத்துவிட்டுப் போயேன், யார் கேட்கப் போகிறார்கள்?' என்று அறிவுரை சொல்கிற நண்பர்கள் இருக்கிறார்களே, அவர்களை நினைத்தால்தான் இன்னும் கடுப்பு. நான் கட்டுவது ஐ.என்.எஸ். விராட் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் தளத்துக்காக. 1982 ஃபாக்லாண்ட் போரில் ஹெர்மிஸ் என்ற பெயரில் பிரிட்டிஷ் படையின் கொடிக்கப்பலாக இருந்தபோதும் அதன்மேல் சீ கிங் இருந்தது, 1987இல் விராட்டாக நம்மிடம் வந்த பிறகும் இருந்தது. அந்தத் தளத்தில் ஓரமாக ஒதுக்கி நிறுத்திய சீ கிங் இறக்கையை விரித்துக்கொண்டு நின்றால் பக்கத்தில் ஹாரியர் போர் விமானத்தை எங்கே வைப்பது? அது போகட்டும், விரித்தால் 39 சென்டிமீட்டர். என் வீட்டு அலமாரியின் ஆழம் 30. நிஜக் கப்பலுக்கு இருந்த அதே இடப் பிரச்சினை எனக்கும் இருக்கிறது, அவர்களுக்கு ஹைட்ராலிக் கொடுத்தார்கள், எனக்குக் கத்தரிக்கோல் சின்னம்.

இவ்வளவுக்கும் டெகால் தாளில் (மாடலில் ஒட்டுகிற எழுத்து, சின்னங்கள் உள்ள தாள்) மட்டும் குறையே வைக்கவில்லை. பூதக்கண்ணாடி வைத்தாலும் படிக்க முடியாத எழுத்தில் 'இங்கே மிதிக்காதே' என்று பக்கம் பக்கமாக அச்சடித்திருக்கிறார்கள்.