ட்வீட்டருக்குப் பிடித்த சனி

எங்கள் ஸ்பீக்கரில் கீச்சென்ற உச்ச ஒலிகளை எழுப்பும் சின்ன ஒலிப்பானான ட்வீட்டர் மூன்றாவது முறையாக ஊமையாகிவிட்டது. விருந்துக்கு வந்த மைத்துனர் சிறிய ஆம்ப்ளிஃபயரின் குமிழைக் கடைசிவரை திருக, அதன் திறனை மீறிய ஒலியலை மழுங்கிச் சிதைந்து, நூலினும் மெல்லிய செப்புச் சுருளைக் கருக்கிவிட்டது. கொழிஞ்சாம்பாறைக் கடைக்காரரோ முழு செட்டையும் மாற்றச் சொல்கிறார். ஒரு பல் போனால் தலையையா மாற்றுவார்கள்? பாலக்காட்டில் சரக்கில்லை என்று மலையாளத்தில் சொன்னார்கள். எல்லையிலுள்ள வேலந்தாவளத்தைத் தாண்டிக் கோயம்புத்தூருக்குப் போனால் அதையே தமிழில் சொன்னார்கள். மின்தடை 6 ஓம் உள்ள ட்வீட்டரைக் கேட்டால் 8 ஓமை நீட்டி எல்லாம் ஒன்றுதான் என்கிறார்கள். ஒன்றுதான் என்றால் பின்புறத்தில் அந்த எண்ணை எதற்காக அச்சிடுகிறார்கள், அழகுக்கா? போன தடவை பழுதுபார்த்த மேதை, ஒலியைத் தாழ்ந்த சுருதி, உயர்ந்த சுருதி என்று பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் சுற்றில் இருந்த கெபாசிட்டரை வேண்டாத பொருளென்று வெட்டியெறிந்து கம்பியை நேராக இணைத்துவிட்டார். தாழ்ந்த சுருதி ஒலி உள்ளே புகாமல் ட்வீட்டரைக் காக்கும் காவல்காரனே அதுதான் என்பதை அவரிடம் யார் சொல்வது? செண்டை மேளம் ஒன்றைப் போட்டேன்; அத்தோடு புதிய ட்வீட்டரின் ஆயுள் முடிந்தது. (பணத்தை மட்டும் மறக்காமல் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்.) மைத்துனர் ஓணத்துக்கு மறுபடியும் வருகிறாராம்.