ஓசித் தொப்பி

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறேன். ஒரு தொப்பிக்குக்கூடக் காசு கொடுத்ததில்லை. ஆனாலும் வீட்டில் ஏழு கிடக்கின்றன. ஒன்று விதை நிறுவனம் கொடுத்தது, ஒன்று உர வியாபாரி கொடுத்தது, மற்றவை பூன் நகருக்கு வெளியே ஆகஸ்ட் கடைசியில் நடக்கும் விவசாயக் கண்காட்சியில் கையில் திணிக்கப்பட்டவை. மனைவி இவற்றை "உங்கள் ஓசித் தொப்பிகள்" என்பாள். கேலிதான், ஆனால் சரியான பெயர். கடைகளில் இன்று 'டிரக்கர் தொப்பி' என்று விற்பதை இந்த ஊர்ப் பெரியவர்கள் 'கிம்மி கேப்' என்பார்கள். 'எனக்கும் ஒன்று கொடுப்பா' தொப்பி.

இந்தத் தொப்பியின் அழகைச் சிலாகித்துப் பலரும் எழுதுகிறார்கள். இதை அழகுக்காக யாரும் செய்யவில்லை என்பது என் கட்சி. இலவசமாகக் கொடுக்கிறவனின் சிக்கனம்தான் இதன் ஒவ்வொரு அங்கமும். நெற்றிப் பக்கம் ஸ்பாஞ்சு. மலிவானது, விறைப்பாகவும் நிற்கும். சாதாரண பேஸ்பால் தொப்பியில் நெற்றிக்கு நடுவே ஒரு தையல் ஓடும். இதில் முன்பக்கம் ஒரே துண்டு. நிறுவனத்தின் பெயரைத் தடங்கலில்லாமல் அச்சடித்துவிடலாம். பின்பக்கம் வலை, செலவும் குறைவு, காற்றும் வரும். அப்புறம் அந்தக் குமிழ் வைத்த பிளாஸ்டிக் பட்டை. தீவனம் வாங்க வந்தவனிடம் தலையின் சுற்றளவை எந்த வியாபாரி கேட்டுக்கொண்டிருப்பான்? ஒரே அளவில் அடித்து எல்லாத் தலைக்கும் கொடுத்துவிடலாம். 1960களிலும் 70களிலும் டிராக்டர், விதை, தீவனம் விற்றவர்கள் இப்படித்தான் வாரி வழங்கினார்கள். டிராக்டர் நிறுவனமான ஜான் டியரின் பச்சையும் மஞ்சளும், விதை நிறுவனமான டீகால்பின் சிறகு முளைத்த மக்காச்சோளக் கதிரும் உழவர்கள், லாரி ஓட்டுநர்கள் தலையில் ஏறியது அப்படி.

நம் ஊர் மஞ்சப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். ஜவுளிக்கடைக்காரர் தம் விளம்பரத்துக்குக் கொடுத்ததை, கடைப்பெயர் மங்கும்வரை சுமந்தோம். பிறகு மஞ்சப்பை என்றாலே பட்டிக்காட்டான் என்றாயிற்று. 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்றது. தொப்பிக்கு அந்த மறுபிறவி 2003 வாக்கில் ஹாலிவுட்டில் கிடைத்தது. ஆஷ்டன் குட்சர், பாரிஸ் ஹில்டன் போன்றவர்கள் 'வான் டச்' என்று எழுதிய தொப்பியோடு திரிந்தார்கள். வான் டச் என்பது கார்களில் கோட்டோவியம் தீட்டிய கென்னத் ஹோவர்டின் புனைபெயர். அவர் இறந்தது 1992இல். அவர் பெயரில் நடந்த இந்தக் கூத்தை அவர் பார்க்கவில்லை. சில ஆண்டுகளில் அந்த மோகம் வடிந்தது, இப்போது மறுபடியும் வந்திருக்கிறது. அயோவாவின் தலைகளுக்கு இரண்டுமே தெரியாது.

எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற விவசாயி. அவருக்கு எப்போதும் இரண்டு தொப்பிகள் புழக்கத்தில் இருக்கும். ஒன்று வேலைக்கு, கிரீஸும் வியர்வையும் படிந்து என்ன நிறம் என்றே சொல்ல முடியாது. இன்னொன்று 'நல்ல தொப்பி', டவுனுக்கும் தேவாலயத்துக்கும். வேலைத் தொப்பி உயிரை விட்டதும் நல்ல தொப்பி அந்த இடத்துக்கு இறங்கும், நல்லதற்குப் புதிதாக ஒன்று வரும். புதுசின் முன்மடலை வளைத்து இரவு முழுக்கக் காபிக் கோப்பைக்குள் சொருகி வைப்பார். தட்டையான மடலோடு வெளியே போவது சட்டைப் பொத்தான் போடாமல் போவதற்குச் சமம் அவருக்கு. சாப்பாட்டு மேசையில் ஜெபம் சொல்லத் தொப்பியைக் கழற்றும்போதுதான் அந்த முகத்தை முழுதாகப் பார்க்கலாம். புருவம்வரை செம்மண் நிறம், அதற்கு மேல் கோடு கிழித்ததுபோல் பால்வெள்ளை நெற்றி.

ஒரு முறை அட்டைப்பெட்டியைத் திறந்து பழையவற்றைக் காட்டினார். மூடிப்போன தானியக் கிடங்கு ஒன்று, பெரிய நிறுவனம் விழுங்கிவிட்ட விதைக் கடை ஒன்று. பெயர்கள் தொப்பியில் மட்டும் மிஞ்சியிருந்தன. எழுபதுகளின் தொப்பி ஒன்றை ஆசையாக எடுத்துத் தலையில் வைத்தேன். ஸ்பாஞ்சு உதிர்ந்து கழுத்தெல்லாம் மஞ்சள் பொடி. அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இப்படிப்பட்டவற்றைப் பார்த்த கண்ணுக்கு, போன மாதம் பேரங்காடியில் கண்டது தாங்கவில்லை. புத்தம்புதுத் தொப்பி, ஆனால் வெளுத்ததுபோலவும் மடல் நைந்ததுபோலவும் ஆலையிலேயே செய்து அனுப்பியிருந்தார்கள். விலை முப்பத்தெட்டு டாலர். இன்னொருவன் சிந்தியிருக்க வேண்டிய வியர்வைக்குமா விலை?

குறையும் சொல்லிவிடுகிறேன். வெயிலுக்கு இது அரைகுறைத் தொப்பி. வலை வழியாக வெயில் வழுக்கையில் இறங்கும். காதையும் பிடரியையும் இது மறைக்காது. தோல் மருத்துவர்கள் சுற்றிலும் அகன்ற விளிம்புள்ள தொப்பி போடச் சொல்கிறார்கள். எதிர்வீட்டுப் பெரியவருக்குக் காதில் இரண்டு முறை அறுவை சிகிச்சை ஆயிற்று. தலையில் அதே தொப்பிதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊருக்குப் போனபோது என்னிடம் இருந்தவற்றில் நல்லதாக ஒன்றை அப்பாவுக்குக் கொண்டுபோனேன். தலையில் துண்டு கட்டி, அதன்மேல் தொப்பியை வைத்துக்கொண்டு வயலுக்குப் போனார். திரும்பி வந்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். மக்காச்சோள விதை என்றேன்.

"நாம் நெல் அல்லவா போடுகிறோம்? நெல் போட்டது இருந்தால் அடுத்த தடவை கொண்டுவா."